கையடக்க டிஜிட்டல் கேமரா: பேட்டரி போடுவதிலிருந்து நல்ல படம் எடுப்பது வரை

என் அக்கா மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது, வீட்டு அலமாரியில் பல வருடமாகக் கிடந்த சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். ஒரே வாரத்தில் போன் வந்தது. "மாமா, வெளியில எடுத்ததெல்லாம் நல்லா இருக்கு. ரூமுக்குள்ள எடுத்தா எல்லார் முகமும் கலங்கித் தெரியுது. கேமரா கெட்டுப்போச்சா?"

கேமரா நன்றாகத்தான் இருந்தது. எல்லா முடிவையும் அவள் அதனிடமே விட்டிருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை, விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

அவளிடம் இருப்பது சோனி சைபர்-ஷாட் டபிள்யூ800. 2014-இல் வந்த மாடல். 20.1 மெகாபிக்சல், 5 மடங்கு ஜூம், 2.7 அங்குலத் திரை. ஆரம்ப விலைக் கேமரா என்றால் இதுதான் என்று காட்டுகிற மாதிரி ஒன்று. உங்களிடம் இருப்பது கேனன் இக்சஸ் ஆக இருக்கலாம், நிக்கான் கூல்பிக்ஸ் ஆக இருக்கலாம். பொத்தான்களின் இடம் மாறும். அவற்றின் மேல் இருக்கும் குறிகள் அநேகமாக ஒன்றுதான். மின்னல் போட்டிருந்தால் ஃபிளாஷ். பூ இருந்தால் கிட்டத்தில் எடுப்பதற்கு. கடிகாரம் டைமருக்கு. கூட்டல், கழித்தல் குறி படத்தின் வெளிச்ச அளவுக்கு.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியட்டும்

இந்தக் கேமராக்களுக்குள், வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சென்சாரின் அளவு சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 30 மடங்கு பெரியது. வெளிச்சத்தை மழைநீர் என்று நினைத்துக்கொண்டால், அவர் அண்டாவை வைத்துப் பிடிக்கிறார், நாம் டம்ளரை வைத்துப் பிடிக்கிறோம்.

கீழே வரும் ஒவ்வொரு அமைப்பும் இந்த டம்ளரை எப்படி நிரப்புவது என்கிற ஒரே கேள்விக்குப் பதில்தான். இதைப் பிடித்துக்கொண்டால் கையேட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

படி 1: பேட்டரி, கார்டு, தேதி

பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் போடுங்கள். இந்த வகைக் கேமராக்களில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம் வரும். ஃபிளாஷ் நிறையப் போட்டால் அதைவிடக் குறையும். வெளியூர் போவதாக இருந்தால் இரண்டாவது பேட்டரி ஒன்று பையில் இருப்பது நல்லது. டபிள்யூ800-க்கு என்பி-பிஎன் வகைப் பேட்டரி. உங்கள் பேட்டரியின் முதுகில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே சொல்லிக் கேளுங்கள்; அளவு ஒரே மாதிரி தெரிந்தாலும் வேறு பெயருள்ளது பொருந்தாமல் போகலாம். பென்சில் செல் போடுகிற கேமராவாக இருந்தால், கடையில் வாங்கும் சாதாரண செல் சீக்கிரமே படுத்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல் நாலும் ஒரு சார்ஜரும் வாங்கிவிட்டால் வருடக்கணக்கில் ஓடும்.

கார்டு விஷயத்தில் பழைய கேமரா வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். எஸ்.டி. என்று மட்டும் போட்ட பழைய கேமராவுக்கு 2 ஜி.பி. வரைதான். எஸ்.டி.எச்.சி. என்று போட்டிருந்தால் 32 ஜி.பி. வரை. அதற்கு மேலே எல்லாம் எஸ்.டி.எக்ஸ்.சி. அதை ஏற்கிற கேமராவில்தான் ஓடும். 64 ஜி.பி. கார்டைப் பழைய கேமராவில் சொருகிவிட்டு, 'கார்டு எரர்' வருகிறது, கேமரா போய்விட்டது என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். 20 மெகாபிக்சல் படம் ஒன்று 5, 6 எம்.பி. இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 16 ஜி.பி. கார்டிலேயே இரண்டாயிரத்துக்கு மேல் அடங்கும். அது போதும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறீர்களா? கார்டு எந்த வகை என்று முதலில் பாருங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்களில் எக்ஸ்.டி. என்ற வேறொரு கார்டு போட வேண்டியிருக்கும். பழைய சோனியில் மெமரி ஸ்டிக் மட்டும். கேமரா மலிவாகக் கிடைத்தாலும் கார்டைத் தேடி அலைய வேண்டிவரும்.

புதுக் கார்டைப் போட்டதும் கேமராவின் மெனுவுக்குள்ளேயே போய் 'ஃபார்மேட்' கொடுங்கள். அதற்கு முன் உள்ளே பழைய படம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கார்டின் ஓரத்தில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் கேமரா எதையும் எழுதாது.

அப்புறம் தேதியும் நேரமும். பலர் இதைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்து வருடம் கழித்து, குழந்தை முதல் முதலாக நடந்தது எந்த மாதம் என்று தேடும்போது இதன் அருமை தெரியும். எடுத்த நேரம் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் தானாகப் பதிவாகிறது. அது சரியாக இருக்க வேண்டும் என்றால் இன்றைக்கு ஒரு நிமிடம் செலவழியுங்கள்.

படி 2: மெனுவில் ஒரே ஒரு தடவை மாற்ற வேண்டியவை

தேதி முத்திரை. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் எண்கள் விழுமே, அது. அணைத்துவிடுங்கள். படத்தோடு படமாகப் பதிந்துவிடுவதால் அப்புறம் எடுக்கவே முடியாது. தேதிதான் கோப்புக்குள் ஏற்கெனவே இருக்கிறதே.

டிஜிட்டல் ஜூம். இதையும் அணையுங்கள். லென்ஸ் முன்னால் நீண்டு பெரிதாக்குவது ஒளியியல் ஜூம், அது உண்மையானது. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. அதை வீட்டில் கம்ப்யூட்டரில் நீங்களே நிதானமாகச் செய்துகொள்ளலாம். வெட்டாத படமும் கையில் இருக்கும்.

படத்தின் அளவு. இருப்பதிலேயே பெரியதை வையுங்கள். 4-க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 22 லட்சம் பிக்சல் போதும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டி எடுக்க இடம் வேண்டும், கார்டில் இடத்துக்கும் பஞ்சம் இல்லை. பிரிண்ட் பற்றி இன்னொன்று: இந்தக் கேமராக்களில் படச் சட்டத்தின் இயல்பான நீள அகல விகிதம் 4-க்கு 3. ஸ்டூடியோவில் போடும் 4-க்கு 6 பிரிண்டின் சட்டம் 3-க்கு 2. அதனால் பிரிண்ட் போடும்போது மேலேயும் கீழேயும் கொஞ்சம் போய்விடும். தலைக்கு மேல் இடம் விட்டு எடுத்துப் பழகுங்கள்.

படி 3: பாதி அழுத்தம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

படம் எடுக்கும் பொத்தானுக்கு இரண்டு நிலை உண்டு. மெதுவாக அழுத்தினால் பாதியில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். கேமரா ஃபோகஸ் பிடிக்கும், வெளிச்சத்தை அளக்கும், 'பீப்' என்று சொல்லும், திரையில் ஒரு கட்டம் பச்சையாகும். இப்போது விரலை எடுக்காமல் மீதியையும் அழுத்தினால் படம் உடனே விழும். ஒரே அழுத்தாக அழுத்தினால் இந்த வேலையெல்லாம் நீங்கள் அழுத்திய பிறகுதான் தொடங்கும். அதற்குள் குழந்தை திரும்பியிருக்கும், ஊஞ்சல் போயிருக்கும்.

பாதி அழுத்தத்தில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். இது பெரிய ஆயுதம். ஜூம் இழுத்து இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கிறீர்கள், நடுவில் இடைவெளி இருக்கிறது. கேமரா அந்த இடைவெளி வழியாகப் பின்சுவரைப் பிடித்துவிடும். ஒருவர் முகத்தை நடுவில் வைத்துப் பாதி அழுத்துங்கள், பச்சை வந்ததும் விரலை அப்படியே வைத்துக்கொண்டு கேமராவைத் திருப்பிச் சட்டத்தைச் சரிசெய்து முழுசாக அழுத்துங்கள். தெளிவாக வரும்.

அந்த நேரத்தில் திரையில் ஒரு கை நடுங்குவது மாதிரியான குறி வந்தால் கேமரா உங்களிடம் ஒன்று சொல்கிறது: வெளிச்சம் போதவில்லை, வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் கதவை நிறைய நேரம் திறந்து வைக்கப் போகிறேன், நீங்கள் அசைந்தால் படம் கலங்கும். அக்கா மகளின் அறைப் படங்கள் அத்தனையும் இந்தக் குறியோடுதான் எடுக்கப்பட்டவை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

பிடிக்கும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையை நீட்டிப் பிடிக்காதீர்கள். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். தூண், சுவர், கதவு நிலை எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் அழுத்துங்கள்.

படி 4: ஜூம் இழுத்தால் இருட்டும்

லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். டபிள்யூ800-இல் எஃப் 3.2 முதல் 6.4 வரை. வெளிச்சம் நுழையும் துளையின் அளவு இது; எண் கூடினால் துளை சிறிது. ஜூம் இழுக்காதபோது 3.2, முழுசாக இழுத்தால் 6.4. இந்த எண் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதாவது டம்ளரின் வாயைப் பாதிக்கு மேல் மூடிவிடுகிறீர்கள்.

டியூப் லைட் எரியும் ஒரு சாதாரண அறையில், ஜூம் இல்லாமல், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு, அடுத்த படியில் சொல்கிறேன்) 800-இல் ஷட்டர் சுமார் 1/30 நொடி திறந்திருக்கும். கை நிதானமாக இருந்தால் சமாளிக்கலாம். அதே அறையில் முழு ஜூம் போட்டால் 1/8 நொடி. யார் கையிலும் நிற்காது. மேலும் ஜூம் படத்தைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. எனவே வீட்டுக்குள் ஜூமைத் தொடாதீர்கள், இரண்டு அடி முன்னால் போங்கள். வெயிலில் தாராளமாக இழுக்கலாம்.

படி 5: ஆட்டோவிலிருந்து 'பி'-க்கு

ஆட்டோ மோடில் பல அமைப்புகள் மறைந்திருக்கும். மோடுகளில் 'பி' என்ற எழுத்தையோ 'புரோகிராம் ஆட்டோ' என்ற பெயரையோ தேர்ந்தெடுங்கள். ஷட்டரையும் துளையையும் அப்போதும் கேமராதான் பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ., வெளிச்ச அளவு, விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சரிக்கட்டும் வெள்ளைச் சமநிலை ஆகியவை உங்கள் கைக்கு வரும். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. குழப்பமாகிவிட்டால் ஆட்டோவுக்குத் திரும்பிவிடலாம்.

ஐ.எஸ்.ஓ. என்பது கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்கிற எண். சத்தம் போதாத ரேடியோவில் ஒலியைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுமே, அது மாதிரி. டபிள்யூ800-இல் 100 முதல் 3200 வரை இருக்கிறது. வெயிலில் 100. மேகமூட்டம், மரத்தடி என்றால் 200. வீட்டுக்குள் 400 அல்லது 800. அதற்கு மேல் போனால் முகத்தில் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். கேமரா அதை மறைக்கப் பார்க்கும்போது தலைமுடியும் புடவை நெசவும் மெழுகு மாதிரி வழவழப்பாகிவிடும். ஆனாலும், மணல் தூவின படத்தை ஏற்றுக்கொள்ளலாம், கலங்கின படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஐ.எஸ்.ஓ.-வைக் கூட்டிவிடுங்கள்.

படி 6: கூட்டல், கழித்தல்

எனக்கு மிகவும் பிடித்த பொத்தான் இது. பாதிப் பேர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

கேமராவுக்கு எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று நினைத்துக்கொண்டு அளக்கிறது. அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நிற்கிறார். 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்' என்று கேமரா குறைத்துவிடும். வேட்டி அழுக்காகத் தெரியும், முகம் கறுத்துப்போகும். அங்கே +0.7 அல்லது +1 வையுங்கள். வேட்டி வெள்ளையாகும். கடற்கரை மணலிலும் இப்படித்தான்.

மார்கழிக் காலையில் தண்ணீர் தெளித்த வாசலில் கோலம். இங்கே நேர் எதிர். ஈரத்தரை கறுப்பு, கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கோலத்தின் இழைகள் வெளுத்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். −0.7 வைத்தால் தரை கறுப்பாகவும் கோலம் இழை இழையாகவும் வரும்.

திண்ணையில் பாட்டி, பின்னால் வெயில் அடிக்கிற தெரு. இந்தப் படத்தை எடுக்காத குடும்பமே இருக்காது, பெரும்பாலும் பாட்டி நிழலுருவமாகத்தான் இருப்பார். +1 போடுங்கள். தெரு வெளுத்துப் போகும், போகட்டும். பாட்டியின் முகம்தான் வேண்டும்.

பொதுவாக −2 முதல் +2 வரை இருக்கும். எடுத்து முடித்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் படமெல்லாம் அந்தக் கணக்கில் விழும்.

படி 7: ஃபிளாஷ்

கேமரா தானாக முடிவெடுக்கும் 'ஆட்டோ ஃபிளாஷ்' வேண்டாம். 'எப்போதும் அணை', 'எப்போதும் போடு' இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்தக் குட்டி ஃபிளாஷ் சுமார் மூன்று மீட்டர் வரைதான் உருப்படியாக எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். பள்ளி ஆண்டு விழாவில் பதினைந்தாவது வரிசையிலிருந்து ஃபிளாஷ் போட்டால் முன்வரிசைக்காரர்களின் தலை மட்டும் பளிச்சென்று விழும், மேடை இருட்டாகவே இருக்கும். அங்கே ஃபிளாஷை அணைத்துவிட்டு மேடை விளக்கை நம்புங்கள். கார்த்திகை தீபத்துக்கும் ஃபிளாஷ் கூடவே கூடாது. அகலின் பொன்னிறம் முழுக்க அழிந்துவிடும். கேமராவைப் படியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, −0.7, இரண்டு நொடி டைமர். இவ்வளவு போதும்.

போட வேண்டிய இடம் உச்சி வெயில். ஆச்சரியமாக இருக்கும். வெயில் தலைக்கு மேலிருந்து விழும்போது கண்குழியில் நிழல் கட்டும். இரண்டு மீட்டருக்குள் நின்று ஃபிளாஷ் போட்டால் அந்த நிழல் கரையும். திண்ணைப் பாட்டிக்கும் இது இன்னொரு வழி. தெருவும் தெரியும், முகமும் தெரியும்.

இருட்டில் கண் சிவப்பாக விழுவதற்குக் காரணம், ஃபிளாஷ் லென்ஸுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது. விழித்திரையின் இரத்த நிறத்தில் பட்ட வெளிச்சம் நேராகத் திரும்பி வருகிறது. சிவப்புக் கண் தவிர்க்கும் அமைப்பு படத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு தடவை மின்னிக் கண்ணின் பாவையைச் சுருங்கவைக்கும். அந்த முதல் மின்னலிலேயே படம் முடிந்தது என்று எல்லோரும் கலைந்துவிடுவார்கள். "ரெண்டாவது ஃபிளாஷ் வர்ற வரைக்கும் நில்லுங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 8: நிறம்

வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டாலே பெரும்பாலும் சரியாக இருக்கும். மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் படம் ஆரஞ்சாக விழுந்தால் பல்பு குறியையும், பச்சையடித்தால் டியூப் லைட் குறியையும் வையுங்கள். சூரிய அஸ்தமனத்தில் மட்டும் ஆட்டோ நமக்கு எதிரி. அந்தச் செம்மையைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். மேகக் குறியை வைத்தால் செம்மை அப்படியே தங்கும்.

படி 9: சின்ன சென்சாரின் வரம்

இவ்வளவு நேரம் குறையையே பேசினேன். வரமும் உண்டு. டபிள்யூ800 லென்ஸின் உண்மையான குவியத் தூரம் ஜூம் இல்லாதபோது வெறும் 4.6 மில்லிமீட்டர். இந்த எண் சின்னதாக இருக்க இருக்க, முன்னும் பின்னும் அதிக தூரம் தெளிவாக விழும். இதனால் ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். மூன்று வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில் கடைசி வரிசை தாத்தாவும் கூர்மையாக வருவார். பெரிய கேமராவில் இதற்காகக் கணக்குப் போட வேண்டும்.

கிட்டத்தில் எடுப்பதும் அப்படித்தான். பூக் குறியை அழுத்துங்கள், ஜூமை முழுக்க உள்ளே விடுங்கள், பொருளுக்குச் சில சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். ஜூம் இழுத்தால் இந்த நெருக்கம் போய்விடும். மல்லிகை மொட்டு, பழைய காலணா, எறும்பு வரிசை எல்லாம் அற்புதமாக வரும். பின்னணி மங்கலாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் இந்தக் கேமராவில் இது ஒன்றுதான் வழி. கேமராவின் நிழலே பூவின் மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 10: டைமர், சீன் மோடுகள், வீடியோ

பத்து நொடி டைமர் நீங்களும் படத்தில் இருக்க. இரண்டு நொடி டைமர் வேறு வேலைக்கு: பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் ஆட்டம் அடங்கிய பிறகு படம் விழும். ஸ்டூல், மதில், அடுக்கிய புத்தகம் எல்லாமே ஸ்டாண்டுதான்.

சீன் மோடுகளில் பனி என்றிருப்பது நம் ஊர்க் கடற்கரை மணலுக்கு உதவும். அது வெளிச்சத்தைக் கூட்டிவைப்பதுதான். வாண வேடிக்கை மோடு தீபாவளிக்கு நன்றாக வரும், கேமரா அசையாமல் இருந்தால். மற்றவை எல்லாம் மேலே நீங்களே கற்றுக்கொண்ட அமைப்புகளின் தயார் கலவைதான்.

டபிள்யூ800-இல் வீடியோ 1280-க்கு 720 அளவில் வரும். குரல்களைச் சேர்த்துவைக்கப் போதும். காற்றடிக்கும் இடத்தில் மைக்குக்குக் கையால் மறைப்புக் கொடுங்கள். சி.சி.டி. என்ற பழைய வகைச் சென்சார் உள்ள கேமராவை விளக்கின் பக்கம் திருப்பினால் திரையில் ஊதாக் கோடு ஒன்று செங்குத்தாக ஓடும். பழுது என்று நினைக்க வேண்டாம், அந்த சென்சாரின் இயல்பு. புகைப்படத்தில் பொதுவாக விழாது, வீடியோவில் விழும்.

படி 11: எடுத்த பிறகு

முக்கியமான படம் என்றால் அங்கேயே திரையில் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். சின்னத் திரையில் முழுசாகப் பார்க்கும்போது எல்லாமே தெளிவாகத்தான் தெரியும்.

படங்களை மாற்ற கார்டு ரீடர் வாங்கிவிடுங்கள். போனில் செருகும் ரீடரும் கிடைக்கிறது. கேமராவோடு வந்த கம்பி எப்போதாவது தொலையும், ரீடர் எல்லாக் கேமராவுக்கும் பொது. டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.

இந்தக் கேமராக்களைக் கொல்வது மணல். லென்ஸ் குழாயின் இடுக்கில் ஒரு துகள் சிக்கினாலே உள்ளே போக முடியாமல் நின்று 'லென்ஸ் எரர்' காட்டும். ரிப்பேர் செலவு பெரும்பாலும் கேமராவின் விலையை நெருங்கிவிடும். கடற்கரைக்குப் போனால் ஜிப் வைத்த கவருக்குள் போட்டு வையுங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். பையில் தவறுதலாக ஆன் ஆகி லென்ஸ் முட்டிக்கொள்வதும் இதே கதிக்குத்தான் கொண்டுபோகும். லென்ஸில் கைரேகை பட்டால் மென்மையான பருத்தித் துணியில் வாயால் ஆவி ஊதித் துடையுங்கள், சட்டை முனை வேண்டாம்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிப் பாதி சார்ஜில் தனியாக வைக்க வேண்டும். மறுபடி போடும்போது தேதி கேட்கும். அதைத் தாண்டிப் போகாமல் சரியாகப் போடுங்கள்.